விமான நிலையக் கருவிகளைக் காக்கும் கருவிகள்

செம்பூரில் உயரமான வீட்டின் மாடியில் மாலை வேளையில் நின்று வடக்கு நோக்கினால், கிழக்கேயிருந்து விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்ந்து வருவதைக் காணலாம். காட்கோபர் குன்றுகளில் நெருங்கி நிற்கும் வீடுகளுக்கு மேலாக அவை மேற்கே சென்று மறைகின்றன. தாராவியிலும் மாட்டுங்காவிலும் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ் மக்களுக்கு இவ்விமானங்களின் ஓசை வீட்டுக் கடிகாரத்தின் ஓசையைப் போலப் பழகிப்போன ஒன்று. மும்பை விமான நிலையத்தின் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவதால், அவற்றை ஒரே வேளையில் தனித்தனியே பயன்படுத்த இயலாது. எனினும் ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் அங்கு ஏறி இறங்கிய நாட்கள் உண்டு.

ஆடி மாதத்து மழையில் மேகம் தாழ்ந்து கவிந்திருக்கும்போது விமானி எதைப் பார்த்து இறங்குகிறார் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. வானொலிக் கருவிகளின் துணையால் இறங்குகிறார் என்பது விடை. இதற்கு அடுத்த கேள்வியை வினவுவோர் குறைவு. அக்கருவி பிழைபட்டால் அதனை அறிவது யார்? எத்தனை நொடிகளில் அறிவர்? இக்கட்டுரை அக்கேள்வியைப் பற்றியதே.

கண்ணை மட்டும் நம்பினால்

மும்பையில் விமானப் போக்குவரத்து ஜுஹு கடற்கரையை ஒட்டிய திடலில் தொடங்கியது. 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாகத் தபால் மூட்டைகளுடன் வந்து இறங்கியது அங்கேதான். உலகப் போருக்குப் பின்னர் பெரிய விமானங்கள் சாந்தாகுருஸுக்கு மாறின. ஜுஹு திடல் சில கிலோமீட்டர் மேற்கே அப்படியே இருந்தது. அதன் ஓடுபாதையும் ஏறத்தாழ அதே கிழக்கு மேற்குத் திசையில் கிடந்தது. விளைவு யாதெனில், 1953-இல் பிரிட்டிஷ் ஓவர்ஸீஸ் நிறுவனத்தின் காமெட் ஜெட் விமானம் சாந்தாகுருஸுக்குப் பதிலாகச் சிறிய ஜுஹுவில் இறங்கிவிட்டது. 1972 செப்டம்பர் 24 அன்று ஜப்பான் விமானம் ஒன்று, விமானி கண்ணால் பார்த்தே இறங்க முற்பட்டபோது, அதே பிழையைச் செய்து ஓடுபாதையைக் கடந்தும் ஓடியது. உயிர்ச்சேதம் இல்லாமற் போனது நற்பேறே. அனுபவம் மிக்க விமானியின் கண்ணும் ஏமாறும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று ஒரே நகரில் இருமுறை கிடைப்பது அரிது.

கண்ணுக்குத் துணையாக நிறுவப்பட்ட சாதனங்களுள் தலையாயது ஐ.எல்.எஸ். எனச் சுருக்கமாக வழங்கும் தரையிறங்கு கருவித் தொகுதி. இதில் இரண்டு வானொலி நிலையங்கள் முக்கியமானவை. லோகலைசர் என்பது ஓடுபாதையின் மறுகோடிக்கும் அப்பால் நின்று, வரும் விமானத்துக்கு இடம் வலம் காட்டுகிறது. கிளைடு பாத் என்பது விமானம் தரைதொடும் இடத்தருகே ஓடுபாதையின் ஒரு பக்கமாக நின்று, மேல் கீழ் காட்டுகிறது. லோகலைசர் 108 முதல் 112 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளிலும், கிளைடு பாத் 330 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகளிலும் இயங்குகின்றன. பழைய நூல்களில் மெகாசைக்கிள் என்று படித்தவர்கள் இரண்டும் ஒன்றே எனக் கொள்க.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். இரண்டு டார்ச் விளக்குகளை எடுத்து ஒன்றின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளையும் மற்றொன்றில் பச்சைத் தாளையும் ஒட்டுக. இருண்ட அறையில் சுவரின்மீது இரண்டு ஒளிவட்டங்களும் சிறிதளவு ஒன்றன்மேல் ஒன்று விழுமாறு அவற்றைச் சாய்த்து வைக்க. சுவரோரமாக நடந்து செல்லும் மாணவன், தன் வெள்ளைச் சட்டையில் விழும் ஒளியில் சிவப்பு மிகுந்தால் ஒரு பக்கம் விலகியிருப்பதையும், பச்சை மிகுந்தால் மறுபக்கம் விலகியிருப்பதையும், இரண்டும் சமமாயின் நடுக்கோட்டில் நிற்பதையும் உணர்வான். லோகலைசரில் சிவப்பு பச்சைக்குப் பதிலாக வினாடிக்கு 90 அதிர்வும் 150 அதிர்வும் உள்ள இரண்டு ஒலிகள் வானொலி அலையின்மேல் ஏற்றப்படுகின்றன. இறங்கி வரும் விமானிக்கு இடப்பக்கம் 90-உம் வலப்பக்கம் 150-உம் மிகுந்திருக்கும். இரண்டும் சமமான கோட்டில் விமானத்திலுள்ள முள் நடுவில் நிற்கும். கிளைடு பாத்திலும் இதே தந்திரந்தான். மேலே 90 மிகும், கீழே 150 மிகும். அலைகள் பரப்பப்படும் முறை உண்மையில் டார்ச் விளக்குகளினும் நுட்பமானது. எனினும் விமானியின் முள் அளப்பது இவ்விரண்டின் வேறுபாட்டையே.

இந்த ஏற்பாட்டின்படி வழக்கமான இறங்குபாதை தரையுடன் 3 பாகை கோணத்தில் சாய்ந்திருக்கும். அதாவது ஓடுபாதைக்கு 10 கிலோமீட்டர் முன்னே விமானம் ஏறத்தாழ 520 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். இவ்வெண்ணை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். சற்று நேரத்தில் அது மீண்டும் தேவைப்படும்.

ஊமையும் பொய்யனும்

ஒரு கருவி முற்றிலும் நின்றுவிட்டால் விமானியின் முன்னே சிவப்புக் கொடி ஒன்று தோன்றும். உடனே அவர் விமானத்தை மேலே ஏற்றிக்கொண்டு வேறு வழி தேடுவார். ஆகவே ஊமையான கருவி தொல்லை தருமேயன்றிக் கேடு தராது. கேடு விளைப்பது பொய் சொல்லும் கருவி. ஒலிகளின் அளவு சிறிது மாறினால் வானிலுள்ள நடுக்கோடு ஓடுபாதையை விட்டு நகர்ந்துவிடும். முள்ளோ நடுவில் நின்றபடியே இருக்கும்.

இதனைத் தடுக்கவே ஒவ்வொரு நிலையத்திற்கும் மானிட்டர் எனப்படும் காவற் கருவி அமைக்கப்பட்டுள்ளது. அஃது அனுப்பும் கருவியின் முன்னே சிறிய ஏரியல்களை நிறுத்தி, வெளியே செல்லும் அலையைத் தானே பெற்று, விமானி காண்பதைத் தானும் காண முயல்கிறது. உலகச் சிவில் விமான அமைப்பின் விதிகள் இதற்குக் கடுமையான எல்லைகளை வகுத்துள்ளன. முதல் வகை ஐ.எல்.எஸ்.-இல் நடுக்கோடு ஓடுபாதையின் தொடக்கத்தில் 10.5 மீட்டருக்கு மேல் நகரலாகாது. இரண்டாம் வகையில் 7.5 மீட்டர், மூன்றாம் வகையில் 6 மீட்டர். மும்பையின் பெரிய ஓடுபாதை ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர் நீளமுடையது. லோகலைசர் அதற்கும் சற்று அப்பால் நிற்பது. அத்தொலைவிலிருந்து 10.5 மீட்டர் என்பது ஒரு பாகையில் ஆறில் ஒரு பங்கு மட்டுமே. கோணமானியில் அதனைக் காட்டக்கூட முடியாது.

எல்லை மீறிய அலை எவ்வளவு நேரம் வானில் நிற்கலாம் என்பதற்கும் கணக்குண்டு. லோகலைசருக்கு முதல் வகையில் 10 வினாடி, இரண்டாம் வகையில் 5, மூன்றாம் வகையில் 2. அதற்குள் காவற் கருவி, தயாராக நிற்கும் மாற்றுக் கருவிக்குப் பணியை மாற்ற வேண்டும். அதுவும் பிழைபட்டால் நிலையத்தையே நிறுத்திவிட வேண்டும். இறங்கும் விமானம் வினாடிக்கு ஏறத்தாழ 70 மீட்டர் செல்கிறது. பத்து வினாடியில் 700 மீட்டர். இந்த அவசரத்தில் தொலைவிலுள்ள ஓர் அலுவலரிடம் செய்தி சொல்லி, அவர் திரையைப் பார்த்து, ஆலோசித்து, பொத்தானை அழுத்தும்வரை காத்திருக்க இயலுமா? இயலாது. எனவே நிறுத்தும் அதிகாரம் எப்போதும் நிலையத்திலுள்ள காவற் கருவியிடமே விடப்பட்டுள்ளது. தொலைவிலிருந்து கண்காணிப்பது என்னும் பேச்சைத் தொடங்குமுன் இவ்வுண்மையை மனத்தில் நன்கு பதித்துக்கொள்வது அவசியம். விமானியைக் காப்பது அருகிலுள்ள காவல். தொலைவிலுள்ள காவல் காப்பது அமைப்பை.

அப்படியாயின் தொலைக்காவல் எதற்கு? இதற்குரிய விடையைத் தென் பசிபிக் கடலிலுள்ள சமோவா தீவு தந்துள்ளது. 2000-ஆம் ஆண்டு ஜூலை 29 இரவு நியூஸிலாந்து விமானம் ஒன்று ஆபியா நகரின் பலேயோலோ நிலையத்தில் இறங்க வந்தது. முள் மேலும் கீழும் அசையாமல் நடுவிலேயே நின்றது. கொடி எதுவும் தோன்றவில்லை. விமானிகள் சரியான பாதையில் இறங்குவதாகவே எண்ணினர். ஆனால் விளக்குகள் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்பது அவர்களுக்கு உறுத்தியது. உடனே விமானத்தை மேலே ஏற்றினர். அப்போது விமானம் நானூறு அடிக்கும் குறைவான உயரத்தில், அதாவது 120 மீட்டருக்கும் கீழே, இருந்தது. ஓடுபாதையோ இன்னும் சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில்! நாம் முன்னர்க் கண்ட 520 மீட்டருடன் இதனை ஒப்பிடுக.

நிகழ்ந்தது இதுவே. கட்டுமான வேலையின்போது, கருவிக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் இடையிலுள்ள கேபிள் சேதமுற்றிருந்தது. அதனால் கருவியின் நிலையைக் காட்டும் விளக்குகள் கோபுரத்தில் பயன்படவில்லை. கிளைடு பாத் நிலையத்திலோ, கருவி தானாக நின்றுவிடாதபடி காவற் கருவியின் அதிகாரம் விலக்கி வைக்கப்பட்டிருந்தது. அந்த நிலையில், பாதையை வரைந்து காட்டும் அலைப் பகுதி வெளிவராமல், இரண்டு ஒலிகளும் சம அளவில் உள்ள பகுதி மட்டும் வானில் பரவியது. டார்ச் விளக்குகளை நினைத்துப் பாருங்கள். இரண்டு நிறமும் சுவர் முழுவதும் சமமாக விழுந்தால், மாணவன் எங்கே நின்றாலும் நடுக்கோட்டில் நிற்பதாகவே சொல்வான். அருகிலுள்ள காவலின் வாய் கட்டப்பட்டிருந்தது. தொலைவிலுள்ள காவலின் கம்பி அறுந்திருந்தது. இரண்டில் ஒன்று விழித்திருந்தாலும் அந்த இரவின் அபாயம் நேர்ந்திராது. அடையாள ஒலியும் இங்கே விமானிகளுக்கு உதவவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும். ஏனெனில் அந்த மோர்ஸ் ஒலியை அனுப்புவது லோகலைசர். லோகலைசரோ நன்றாகவே இருந்தது.

மத்திய அறையில் காண்பது

கோபுரத்திலும் அணுகுகட்டுப்பாட்டு அறையிலும் உள்ளவர்களுக்கு, இறங்குவதற்கு இன்றியமையாத கருவிகளின் நிலை காலதாமதமின்றித் தெரியவேண்டும் என்பது உலக விதி. தொலைக்காவலின் முதற் பயன் இதுவே. முன்னாட்களில் இரண்டு மூன்று விளக்குகளும் ஒரு மணியும் போதுமென்றிருந்தது. இன்றோ பெரிய விமான நிலையத்தில் லோகலைசர், கிளைடு பாத், தொலைவுமானி, திசைகாட்டும் வி.ஓ.ஆர்., ராடார், பேச்சு வானொலிகள், அவற்றுக்கு மின்சாரம் தரும் பாட்டரிகள், டீசல் ஜெனரேட்டர்கள் எனப் பட்டியல் நீள்கிறது. இவை ஓரிடத்தில் குவிந்திருப்பனவும் அல்ல. ஓடுபாதையின் கோடிகளில் தனித்தனிக் குடில்களில் சிதறிக் கிடப்பவை. மும்பை விமான நிலையத்தின் கட்டிடங்களையும் ஓடுபாதைகளையும் 2006 முதல் தனியார் கூட்டு நிறுவனம் நிர்வகித்து வந்தாலும், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடும் இக்கருவிகளும் இந்திய விமான நிலையங்கள் ஆணையத்தின் பொறுப்பிலேயே உள்ளன.

பேச்சு வானொலியை எடுத்துக்கொண்டால் பரப்பு இன்னும் விரிகிறது. நம் நாட்டின் வானவெளி டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என நான்கு பெரும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. மும்பையின் பகுதி மேற்கிந்தியாவின் பெரும் பரப்பையும் அரபிக் கடலையும் தழுவியது. பேச்சுக்குரிய வி.எச்.எப். அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வன; பூமியின் வளைவு அவற்றை மறைக்கும். 35,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்தைத் தரையிலுள்ள நிலையம் சுமார் 425 கிலோமீட்டர் வரையே எட்ட முடியும். ஆகவே தொலைவிலுள்ள இடங்களில் ஆளில்லாத வானொலி நிலையங்களை அமைத்து, அவற்றின் வழியாக மும்பையிலிருந்தபடியே விமானிகளுடன் பேசுகின்றனர். கம்பி எட்டாத இடங்களுக்குச் செயற்கைக்கோள் இணைப்பு துணை செய்கிறது.

இச்சிதறிய நிலையங்களின் உடல்நிலையை ஒரே அறையில் திரட்டிக் காட்டுவதே மத்தியத் தொலைக்காவல். மைய அறையிலுள்ள கணிப்பொறி ஒவ்வொரு நிலையத்தையும் முறைவைத்து வினவுகிறது. நிலையம் தன் அளவுகளைச் சொல்கிறது. வெளியே செல்லும் மின்திறன் எவ்வளவு, ஒலிகள் ஏற்றப்பட்டுள்ள அளவு என்ன, ஏரியலிலிருந்து திரும்பி வரும் அலை எவ்வளவு, பாட்டரியின் வோல்ட் என்ன, அறையின் வெப்பம் என்ன, கதவு திறந்திருக்கிறதா என்பன அவற்றுட் சில. பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் அவை திரையில் தோன்றும். அமெரிக்க மத்திய விமான நிர்வாகம் 1980-களிலிருந்தே இத்தகைய ஏற்பாட்டைப் பரந்த அளவில் கையாண்டு வருகிறது.

இவ்வேற்பாட்டின் சிறப்பு சிவப்பு விளக்கில் இல்லை என்பது எம் கருத்து. சிவப்பு எரியும்போது காவற் கருவி தன் கடமையை முடித்திருக்கும். மைய அறைக்குச் செய்தியைக் கேட்பதன்றி வேறு வேலை இராது. சிறப்பு நாள்தோறும் சேரும் எண்களில் உள்ளது. ஓர் அனுப்பும் கருவியின் திறன் நூறிலிருந்து தொண்ணூற்றேழு, தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றிரண்டு என்று மாதந்தோறும் குறைந்து வருமாயின், ஒவ்வொரு நாளும் அது எல்லைக்குள்ளேதான் இருக்கும். குடிலுக்கு வாரம் ஒருமுறை சென்று வருபவர் குறிப்பேட்டில் ‘சரி’ என்றே எழுதுவார். வரைபடத்தில் பார்ப்பவருக்கோ சரிவு கண்ணில் படும். மின்சாரம் போகும்போதெல்லாம் பாட்டரி முன்னைவிடச் சீக்கிரமாகத் தளர்வது, பிற்பகல்தோறும் அறையின் வெப்பம் ஏறுவது, மழை பெய்த மறுநாள் திரும்பி வரும் அலை மிகுவது ஆகிய இவை ஏரியல் கேபிளின் மூட்டில் நீர் புகுந்ததையோ, குளிர்சாதனம் தளர்ந்ததையோ முன்னதாக உணர்த்தும். மருத்துவர் ஒருநாள் காய்ச்சலைவிடப் பல நாள் எடைக் குறிப்பை மதிப்பது போன்றது இது.

எண்கள் மிகுவதிலும் இடையூறு உண்டு. ஒரு குடிலில் மின்சாரம் அறுபட்டால் ஒரே நேரத்தில் இருபது அபாய அறிவிப்புகள் வந்து குவியும். அவற்றுள் காரணம் ஒன்று, விளைவு பத்தொன்பது. இவற்றைப் பிரித்துக் காட்டாத மைய அறை நாளடைவில் தன் அலுவலர்களுக்கு மணியோசையைக் கேளாதிருக்கப் பழக்கிவிடும்.

கம்பியும் காவலுக்குரியதே

தொலைக்காவலில் மிகுந்த கவனத்துக்குரியது எதுவென்றால், செய்தி வாராமையை எவ்வாறு பொருள்கொள்வது என்பதே. நிலையம் நலமாயிருப்பதால் அபாய அறிவிப்பு வரவில்லையா, கம்பி அறுந்ததால் வரவில்லையா? பழைய அமைப்புகள் சிலவற்றில் இணைப்பு அறுந்தாலும் கடைசியாக வந்த பச்சை நிறமே திரையில் நின்றுவிடும். அது மிகத் தீங்கானது. நல்ல அமைப்பில் நிலையம் குறித்த காலத்துக்குள் மறுமொழி தராவிடில், பச்சை நீங்கி, சிவப்பும் அல்லாத வேறொரு நிறம் தோன்றும். ‘நிலை அறியப்படவில்லை’ என்பது அதன் பொருள். சமோவாவில் நேர்ந்தது இந்த அறியப்படாத நிலையே. அதனைச் சிவப்புக்கு ஒப்பாக நடத்தவேண்டும் என்பதில் ஐயமில்லை.

செயற்கைக்கோள் வழியிலும் கருதத்தக்க ஒன்று உண்டு. பூமியிலிருந்து 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள கோளுக்குச் சென்று திரும்ப, வானொலி அலைக்கு ஏறத்தாழக் கால் வினாடி ஆகும். கேள்வி ஒருமுறை, விடை ஒருமுறை எனின் அரை வினாடி. அளவுகளைத் திரட்டுவதற்கு இது தடையாகாது. இரண்டு வினாடிக்குள் நிறுத்தவேண்டிய கருவிக்கோ அரை வினாடியும் பெரிது. நிறுத்தும் அதிகாரத்தை நிலையத்திலேயே வைத்திருப்பதற்கு இது மற்றொரு காரணம்.

மையத்தில் குவிப்பதால் வரும் ஆபத்தை அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டு நன்கு காட்டின. அமெரிக்காவில் நூவர்க் விமான நிலையத்தின் அணுகுகட்டுப்பாடு 2024 ஜூலையில் நியூயார்க்கிலிருந்து பிலடெல்பியாவுக்கு மாற்றப்பட்டது. தகவல்களோ தொலைதொடர்புக் கம்பிகளின் வழியே அங்கு வந்தன. 2025 ஏப்ரல் 28 அன்று அவ்வழி அறுபட, ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் கட்டுப்பாட்டாளர்கள் ராடாரையும் பேச்சையும் ஒருங்கே இழந்தனர். நம் நாட்டில் 2025 நவம்பர் 7 அன்று டில்லி விமான நிலையத்தில் பறப்புத் திட்டச் செய்திகளைப் பகிர்ந்தனுப்பும் தானியங்கி அமைப்பு பழுதடைந்தது. கட்டுப்பாட்டாளர்கள் அவற்றைக் கையால் எழுதிக் கையாள நேர்ந்தது. நூற்றுக்கணக்கான விமானங்கள் தாமதமாயின. இரண்டிலும் வானிலுள்ள எந்தக் கருவியும் பொய் சொல்லவில்லை. நடுவே இருந்த ஒரு கண்ணி விட்டுப்போனது. எனவே மைய அறைக்கு இரண்டு தனி வழிகள் வேண்டும். அவை இரண்டும் ஒரே பள்ளத்தில் புதைக்கப்பட்ட கம்பிகளாய் இருத்தலாகாது. ஒரு மண்வெட்டி இரண்டையும் வெட்டிவிடும்.

இதற்கு முற்றிலும் வேறான ஓர் ஏற்பாட்டை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். விமான நிலையங்கள் ஆணையமும் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய ககன் அமைப்பில், நாடெங்கும் 15 நோக்கு நிலையங்கள் ஜி.பி.எஸ். கோள்களின் அலைகளை இடைவிடாது அளக்கின்றன. பெங்களூரிலுள்ள தலைமை நிலையங்கள் பிழையைக் கணக்கிட்டு, திருத்தத்தையும் எச்சரிக்கையையும் செயற்கைக்கோள் வழியாக விமானங்களுக்கே அனுப்புகின்றன. எச்சரிக்கை ஆறு வினாடிக்குள் சேரவேண்டும். இங்கே காவல் முழுவதும் மையத்தில் இருப்பது பொருத்தமே. ஏனெனில் காக்கப்படும் பொருளே வானில் இருக்கிறது. 2022 ஏப்ரலில் இந்த அமைப்பைக் கொண்டு ராஜஸ்தானத்துக் கிஷன்கட்டில் ஒரு பயணி விமானம் சோதனையாக இறக்கப்பட்டது.

வெள்ளமும் புல்லும்

மும்பையைப் பற்றிப் பேசும்போது 2005 ஜூலை 26-ஐ மறத்தல் இயலாது. சாந்தாகுருஸ் மழைமானியில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பதிவாயிற்று. நகரின் தென்கோடியிலுள்ள கொலாபாவில் பதிவானது 74 மில்லிமீட்டர் மட்டுமே. பொவாய், விஹார் ஏரிகளின் மிகுநீரைக் கொண்டு வரும் மிதி ஆறு, விமான நிலையத்தை ஒட்டித் திருப்பங்களுடன் ஓடி, குர்லாவைக் கடந்து, தாராவியின் ஓரமாக மாஹிம் கழிமுகத்தில் கலப்பது. அன்று அவ்வாறு தன் கரைகளை மதிக்கவில்லை. ஓடுபாதைகள் நீரில் மூழ்கின. ஐ.எல்.எஸ். கருவிகளும் மூழ்கின. முப்பது மணி நேரத்துக்கு மேலாக விமான நிலையம் மூடிக் கிடந்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட விமானப் பயணங்கள் ரத்தாயின அல்லது தாமதமாயின. தாராவியிலும் குர்லாவிலும் மக்கள் பட்ட துன்பத்தோடு ஒப்பிட்டால் இது சிறிதே. ஆனால் நகரத்துக்கு வெளியிலிருந்து உதவி வரவேண்டிய வழி ஒன்று, தேவை மிகுந்த நேரத்தில் அடைபட்டது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மத்தியத் தொலைக்காவல் எவ்வளவு சிறந்ததாயினும் குடிலுக்குள் புகும் நீரை இறைக்காது. அஃது ஒன்று செய்யும்: தரையில் பொருத்திய நீர்மட்டமானி முதல் சில அங்குலத்திலேயே செய்தி அனுப்பினால், பாட்டரிகளையும் மின்னழுத்தப் பகுதிகளையும் முறையாக நிறுத்தி, உப்பும் சேறும் கலந்த நீரில் மின்சாரத்துடன் மூழ்கும் கேட்டைத் தவிர்க்கலாம். நிறுத்தி வைத்த கருவியை உலர்த்தி மீட்க வாய்ப்புண்டு. மின்னோட்டத்துடன் மூழ்கிய கருவியில் பெரும்பகுதி பழைய இரும்புக் கடைக்கே உரியது. குடிலின் தளத்தை வெள்ளமட்டத்துக்கு மேலே உயர்த்துவது இவை எல்லாவற்றினும் மலிவான, நிச்சயமான பரிகாரம். அதற்குக் கணிப்பொறி தேவையில்லை, கொத்தனார் போதும்.

இதனால் நிலையப் பணியாளரின் இடம் யாது என்ற வினா எழுகிறது. மத்தியத் தொலைக்காவலை ஆட்குறைப்புக்குரிய வழியாகக் காண்போர் உளர். பயணம் குறையும் என்பது உண்மையே. மலையுச்சியிலுள்ள வானொலி நிலையத்துக்கு ‘ஏதோ கோளாறு’ என்று ஓடி, பழுதைக் கண்டறிந்து, உதிரிப் பாகத்துக்காக மீண்டும் இறங்கி வருபவர், இனி இன்ன அட்டை பழுது என்று அறிந்து அதனைக் கையோடு எடுத்துச் செல்லலாம். ஆனால் கருவி அறியாதவை பல. லோகலைசரின் முன்னே மழையில் இடுப்பளவு வளர்ந்த புல்லைத் திரை காட்டாது. கேபிள் குழாயில் எலி கடித்த அடையாளத்தையும், ஏரியல் தூணின் அடியில் அரித்த மண்ணையும், தடைசெய்யப்பட்ட பரப்பில் அறியாமல் நிறுத்திய லாரியையும் கண்டு சொல்பவர் மனிதரே. காவற் கருவியின் அதிகாரத்தை விலக்கி வைக்கும் விசை இன்றும் குடிலில்தான் இருக்கிறது. பழுதுபார்க்கும்போது அதனைத் திருப்ப நேரும். திருப்பியதை மைய அறை உடனே காணவேண்டும். திருப்பியவர் அதனைக் குறிப்பேட்டில் எழுதி, வேலை முடிந்ததும் மீட்டு வைத்தாரா என்று இரண்டாம் ஒருவர் சரிபார்க்கவேண்டும். அதுவரை அந்த நிலையம் பயனில் இல்லை என விமானிகளுக்கு அறிவித்திருக்க வேண்டும். ஆபியாவில் வழுவியது இந்தச் சங்கிலியே.

காவற் கருவிக்கும் எட்டாத மற்றொரு பிழை உண்டு. அதன் ஏரியல்கள் அனுப்பும் கருவிக்கு அருகிலேயே நிற்பவை. பல கிலோமீட்டருக்கு அப்பால் புதிதாக எழும் கட்டிடமோ கிரேனோ அலையை எதிரொளித்து வானிலுள்ள கோட்டை வளைத்தால் அவை அறியா. குறுக்கு ஓடுபாதையின் தென்கிழக்கு முனைக்கு எதிரே டிராம்பே குன்று நிற்பது போன்ற இயற்கைத் தடைகள் மும்பையில் முன்பே உண்டு. செம்பூரிலோ குர்லாவிலோ அடுக்குமாடி எழுப்புவோர் உயர அனுமதி பெறவேண்டும் என்னும் 2015-ஆம் ஆண்டு மத்திய விதிகளுக்கு, விமானம் மோதக்கூடும் என்பது மட்டும் காரணமன்று; சுவர்கள் வானொலி அலைகளுக்குக் கண்ணாடிகளாகவும் ராடாருக்குத் திரைகளாகவும் ஆகக்கூடும் என்பதும் காரணமாகும். தாராவியில் குடிசைகள் இருந்த இடத்தில் எழும் மாடிக் கட்டிடங்களுக்கும் இது பொருந்தும்.

இப்பிழையைக் கண்டறிய ஆணையத்தின் பரிசோதனை விமானம் குறித்த காலங்களில் ஒவ்வொரு நிலையத்துக்கும் வருகிறது. துல்லியமான அளவு கருவிகளைத் தாங்கிய அவ்விமானம் ஒரே பாதையில் பலமுறை இறங்குவதுபோல் வந்து மீண்டும் ஏறும். குறுக்காகவும் வில்போல் வளைந்தும் பறக்கும். செம்பூர்வாசிகள் சிறிய விமானம் ஒன்று மீண்டும் மீண்டும் ஒரே இடத்தில் வட்டமிடுவதைக் கண்டு வியந்திருந்தால், காரணம் இதுவாக இருக்கலாம். சோதனையின் ஒரு கட்டத்தில், முன்னறிவிப்புக் கொடுத்து, தரையிலுள்ள இஞ்சினீயர் கருவியை வேண்டுமென்றே சிறிது சிறிதாக வழுவச் செய்வார். காவற் கருவி அபாய அறிவிப்புத் தரும் அந்தக் கணத்தில், வானிலுள்ள கோடு உண்மையில் எத்தனை மீட்டர் நகர்ந்திருக்கிறது என்று மேலே பறப்பவர்கள் அளந்து வானொலியில் சொல்வார்கள். தரையில் நிற்பவர் அவ்வெண்ணைத் தம் குறிப்பேட்டில் எழுதி, மைய அறையிலும் அதே வினாடியில் சிவப்பு எரிந்ததா எனத் தொலைபேசியில் கேட்டுக்கொள்வார்.